ஓரம் பார்த்து நடந்த ஏழு நாட்கள்: சிங்கப்பூர்

முதல் நாள் – ஈசூன்

சாங்கி விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்திருந்தபோதே கண் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. சுற்றி வந்த பெட்டிகளின் மூலைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். எந்தப் பெட்டியும் முதலில் அடிபடுவது மூலையில்தான். எந்தத் தையலும் முதலில் விடுவது ஓரத்தில்தான். 26 வருடம் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவள் நான். முதல் 12 வருடம் ஷூவின் மேல்பாகம் தைக்கும் குளோசிங் பிரிவில் மெஷின், அப்புறம் வேலையை விடும்வரை செக்கிங் மேசை. ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்போம். கைக்கு வரும் ஒவ்வொரு அப்பரையும் எடுத்ததும் கட்டைவிரலை ஓரத்தோடு ஒரு சுற்று ஓட்டுவேன். கண்ணுக்குத் தப்பினது விரலுக்குத் தப்பாது.

தங்கை கல்யாணமாகி இங்கே வந்து 22 வருடம். ஈசூனில் வீவக வீடு, அதாவது அரசு அடுக்குமாடி, ஒன்பதாவது மாடி. இத்தனை வருடத்தில் நான் வருவது இதுதான் முதல் தடவை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வருவதற்குள் தங்கை மகள் தன் கைப்பையை என் மடியில் கொண்டுவந்து வைத்தாள்.

"பெரியம்மா, ஒரிஜினல் லெதர்னு அச்சு குத்தி இருந்துச்சு. ரெண்டு வருஷம்கூட ஆகல. பாருங்க."

வார் முழுக்கச் செதில் செதிலாக உரிந்திருந்தது. ஒரு பேரங்காடியில் அறுபது வெள்ளிக்கு (இங்கே டாலரை வெள்ளி என்பார்கள்) மேல் கொடுத்து வாங்கினாளாம். திரும்பக் கொண்டுபோனால் வாருக்கு உத்தரவாதம் கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள். அவள் படிக்கும்போது பகுதிநேர வேலைக்குப் போய்ச் சேர்த்த காசு அது. கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது.

வாரின் ஓரத்தை நகத்தால் பிரித்துக் காட்டினேன். தோலாக இருந்தால் வெட்டின இடத்தில் நார் தெரியும். மேல்பக்கம் நெருக்கமாக இருக்கும், கீழே போகப்போகத் தளரும். இங்கே இருந்தது மூன்று அடுக்கு. மேலே பிளாஸ்டிக் பூச்சு, நடுவில் தோல் கழிவை அரைத்துப் பசையில் குழைத்துத் தகடாக்கியது, அடியில் துணி. கழிவிலும் தோல் இருக்கிறது என்பதால் அந்த அச்சைக் குத்திவிடுகிறார்கள். பாலியூரிதேன் பூச்சு காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துக் குடித்தே இற்றுப்போகும். வருடம் முழுக்க ஈரக்காற்று வீசும் இந்த ஊரில், அலமாரிக்குள் பூட்டி வைத்தால் கேட்கவே வேண்டாம்.

"அப்ப நல்லதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றாள்.

வாயால் சொல்லிப் புரியாது, ஒரு வாரம் என்னோடு வா என்றேன்.

இரண்டாம் நாள் – ஆர்ச்சர்ட் சாலை

காலையிலேயே லியாட் டவர்ஸில் உள்ள ஹெர்மேஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் தோல்பைக் கடைக்குப் போனோம். உள்ளே போகத் தங்கை மகள் தயங்கினாள். எனக்குத் தயக்கம் இல்லை. பார்க்க வேண்டியதைப் பார்க்க வந்திருக்கிறேன். கதவைத் திறந்துவிட்ட காவலர் நான் கட்டியிருந்த சுங்குடிப் புடவையைப் பார்த்துப் புன்னகைத்தார்.

விற்பனைப் பெண்ணிடம் மகள் எனக்காகப் பேசினாள்: பெரியம்மா தோல் வேலையில் இருந்தவங்க, தையலைப் பக்கத்தில் பார்க்க ஆசைப்படுறாங்க. அந்தப் பெண் வெல்வெட் தட்டில் ஒரு சிறிய தோள்பையை எடுத்து வைத்தார். நான் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

மெஷின் தையல் நேர்கோடாகப் போகும். இது ஒவ்வொன்றும் லேசாகச் சாய்ந்து, நெல்மணிகளைக் கோத்து வைத்ததுபோல வரிசையாக இருந்தது. இரண்டு ஊசித் தையல் இப்படித்தான் சாயும். மெழுகேற்றிய லினன் நூல், அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊசி. குத்தூசியால் துளை போட்டு, ஒரே துளைக்குள் இந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஊசியும் அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஊசியும் போய், இரண்டு கையாலும் இழுத்து இறுக்க வேண்டும். மெஷினில் மேல்நூலும் கீழ்நூலும் தோலின் நடுவில் கொக்கி போட்டுக்கொள்கின்றன. ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளர ஆரம்பித்துவிடும். கைத்தையலில் ஒன்று அறுந்தாலும் அடுத்தது தன் இடத்தில் நிற்கும். ஒரு பையை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே கைவினைஞர் செய்கிறார். பிரிந்து வந்தால் செய்தவரிடமே திரும்பப் போய்விடும் என்ற நினைப்போடு தைத்த தையல், பார்த்தாலே தெரிகிறது.

இந்தத் தையலை எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். எங்கள் தெருக்கோடியில் ஒரு தாத்தா மாட்டுக்குச் சலங்கைப் பட்டை தைப்பார். பட்டையை இரண்டு மரச்சட்டத்துக்கு நடுவில் நெருக்கி, முழங்காலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இதே இரண்டு ஊசியில்தான் தைப்பார். உழவுமாடு இழுக்கிற இழுப்புக்கு வேறு எந்தத் தையலும் தாங்காது. 1837இல் தியரி ஹெர்மேஸ் பாரிஸில் பட்டறை போட்டதும் குதிரைக்குச் சேணக்கச்சை செய்யத்தான். அங்கே குதிரை போய் மோட்டார் வந்ததும் பட்டறை பை தைக்க ஆரம்பித்து நிலைத்துவிட்டது. எங்கள் தெருவில் மாடு போய் டிராக்டர் வந்தது. தாத்தாவின் குத்தூசி யார் வீட்டுப் பரணில் கிடக்கிறதோ. அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு அவர் ஞாபகம்தான். கண் கலங்கிவிட்டது. விற்பனைப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், ஏன் என்று கேட்கவில்லை.

ஓரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இரண்டு தோலை ஒட்டித் தைத்த பிறகு வெட்டுவாய் தெரியும் அல்லவா, அதைச் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, சாயம் பூசி, காய்ந்ததும் மறுபடி தேய்த்து, மறுபடி பூசி, கடைசியில் சூட்டுக்கோலால் மெழுகேற்றுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினேன். எங்கே ஒரு தோல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று என் விரலுக்குத் தெரியவில்லை. செக்கிங் மேசையில் இப்படி ஒன்று வந்திருந்தால் எழுந்துபோய்த் தைத்தவளைக் கட்டிப்பிடித்திருப்பேன்.

இன்னொரு கண்ணாடிப் பேழைக்குள் முதலைத்தோல் பை. ஒவ்வொரு செதிலிலும் ஊசி முனை குத்தினதுபோல ஒரு சின்னப் புள்ளி. முதலை தண்ணீரின் அசைவை உணரும் இடம் அது. முதலை மாதிரியே இருக்கும் அலிகேட்டரின் வயிற்றுத்தோலில் இந்தப் புள்ளி இருக்காது, அதை வைத்துத்தான் இரண்டையும் பிரித்துச் சொல்வார்கள். மாட்டுத்தோலை நாங்கள் சதுர அடியில் அளப்போம். முதலைத்தோலை வயிற்றின் அகலத்தை வைத்து சென்டிமீட்டரில் அளப்பார்கள். இந்தச் சின்ன ஊர் முதலைத்தோல் பதனிடுவதில் பேர் பெற்றது என்பது பலருக்குத் தெரியாது. லூயி விட்டோனின் தாய்க்குழுமமான எல்விஎம்எச் 2011இல் இங்குள்ள ஹெங் லாங் பதனிடும் நிறுவனத்தில் 51 விழுக்காட்டை வாங்கியதே இந்தக் கைவேலைக்காகத்தான்.

மதியம் டாங்ஸ் கடை. பச்சை ஓட்டுக் கூரையோடு சீன அரண்மனை மாதிரி நிற்கிறது. 1932இல் இதைத் தொடங்கிய டாங் சூன் கெங், தகரப்பெட்டியில் சீனாவின் சுவாத்தோ ஊர் லேசும் பூவேலைத் துணியும் வைத்து வீடு வீடாக விற்றவர். வீட்டுப் பொருள் மாடியில் மேசைவிரிப்புகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு நன்றாக இருந்தன. மற்றவை மேல்பக்கத்துக்கு மட்டும் செய்தவை, பின்பக்கம் நூல் தொங்குகிறது.

வழியில் டிசைன் ஆர்ச்சர்ட். 2019இல் திறந்தது, உள்ளூர்க்காரர்கள் செய்த பொருள்களுக்கென்றே உள்ள இடம். மகள் தன் கையாலேயே ஒரு தோல் சாவிக்கொத்தின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது தோல்தான் பெரியம்மா, நார் தெரியுது" என்றாள். இன்றைக்கு அது போதும்.

மூன்றாம் நாள் – அரபு ஸ்திரீட்

புகிஸில் இறங்கி நடந்தோம். கடைகளுக்கு முன்னால் தூண்களுக்கு நடுவே நிழலாகப் போகும் நடைபாதையை இங்குள்ள தமிழர்கள் அஞ்சடி என்கிறார்கள். மழையோ வெயிலோ தலையில் படாமல் ஒரு தெருவையே துணி பார்த்துக்கொண்டு கடக்கலாம்.

பாத்திக், பட்டு, லேஸ் என்று சுருள் சுருளாகக் கடைவாசல்வரை நிற்கிறது. ஒரு கடையில் கட்டம் போட்ட சாரங்களின் அடுக்கைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. கடைக்காரப் பெரியவர் தமிழ் முஸ்லிம். ஆம்பூரில் பழகின வாய்க்குத் தானாக "பாய்" என்று வந்தது.

"என்ன பாய், இது நம்ம ஊர் லுங்கி மாதிரி இருக்கு?"

"மாதிரி என்னம்மா, பேரே நம்ம ஊருதான். மலாய்க்காரங்க இதைக் கைன் பெலிக்காட்னு சொல்வாங்க. பழவேற்காட்டுத் துணின்னு அர்த்தம். நீங்க எந்த ஊரு?"

சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டை வெள்ளைக்காரன் புலிகாட் என்று எழுதினான், கப்பலில் போன துணி பெலிக்காட் ஆகித் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டது. மலாய் ஆண்கள் தொழுகைக்குப் போகவும் வீட்டில் இருக்கவும் கட்டுவது இன்றைக்கும் இதைத்தான். துணி மட்டுமா? கடையைக் கெடாய் என்கிறார்கள், பெட்டியைப் பெத்தி என்கிறார்கள், செருப்பு மலாயில் செர்ப்பு ஆகியிருக்கிறது. விற்கப் போனவன் பொருளோடு அதன் பேரையும் இறக்கிவைத்துவிட்டு வந்திருக்கிறான்.

என் அம்மா வீடு குடியாத்தம். அம்மாவழிச் சொந்தக்காரர்கள் லுங்கி நெய்தவர்கள், எனக்குச் சாரத்தைப் பார்க்கத் தெரியும். பாய் மூன்று தரம் எடுத்துப் போட்டார். நல்ல துணியில் கட்டத்தின் கோடு எல்லா இடத்திலும் ஒரே அகலத்தில் இருக்கும். கை தளர்ந்து ஊடை நூலைத் தட்டினால் சதுரம் நீண்டுவிடும். இன்னொன்று, இரண்டு தலைப்பையும் மூட்டும் இடத்தில் கட்டம் கட்டத்தோடு உட்கார வேண்டும். மூன்றாவது சாரத்தில் மூட்டு எங்கே இருக்கிறது என்று நான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதைத்தான் வாங்கினேன். பாய் இரண்டு வெள்ளி குறைத்துக்கொண்டார். "மூட்டைப் பார்த்து வாங்குற ஆளு இப்ப யாரும்மா இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே மடித்தார்.

பக்கத்துக் கடையில் மலாய் ஆண்களின் உடையான பாஜு மலாயுவோடு போடும் தோல் செருப்பு. சாப்பால் என்கிறார்கள். பல தோலை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்த அடிப்பாகம். பக்கவாட்டில் பார்த்தால் புத்தகத்தின் தாள்போல அடுக்கு தெரிகிறது. நான்கு ஜோடி எடுத்து வளைத்துப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் அடுக்குக்கு நடுவில் அட்டை சொருகியிருந்தது. அதைச் சொன்னதும் கடைக்காரப் பையன் முகம் வாடிவிட்டது, அவனுக்கே தெரியாதுபோல. மற்ற மூன்றும் நல்ல சரக்கு.

சுல்தான் பள்ளிவாசலை இரவு விளக்கில் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம். 1932இல் கட்டி முடித்தது. பொன்னிறக் குவிமாடத்துக்கு அடியில் கறுப்பாக ஒரு பட்டை ஓடுகிறது, பார்த்திருப்பீர்கள். அது முழுக்கக் கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகம். பணம் கொடுக்க வசதி இல்லாத ஏழைகளும் தங்கள் பங்காக ஏதாவது தர வேண்டும் என்று சேகரித்த புட்டிகள். குவிமாடத்தின் ஓரத்தில் அவர்கள் இருக்கிறார்கள்.

நான்காம் நாள் – மழை

காலையிலிருந்து கொட்டியது. மதியத்துக்கு மேல் எம்ஆர்டி ரயில் பிடித்து ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குப் போனோம்.

1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கிடைத்த மூழ்கிய கப்பலின் சரக்கு அங்கே இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பல், 60,000க்கு மேற்பட்ட பீங்கான் பொருள்கள். பெரும்பாலும் சீனாவின் சாங்ஷா கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் பொறித்த தேதி கி.பி. 826ஐக் குறிக்கிறது. தங்கக் கிண்ணமும் இருக்கிறது, எல்லாரும் அதைச் சுற்றித்தான் நின்றார்கள். நான் நின்றது பெரிய மண்ஜாடிக்கு முன்னால். கிண்ணங்களைச் சுருளாக ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து ஜாடிக்குள் அடுக்கியிருக்கிறார்கள். கடலில் ஆயிரம் வருடத்துக்கு மேல் கிடந்தும் இத்தனை கிண்ணம் முழுசாக வந்தது, அடுக்கினவன் கெட்டிக்காரன் என்பதால்தான். செய்தவனைப் புகழ்கிறோம். பேக்கிங் செய்தவனை யாரும் கேட்பதில்லை. எங்கள் கம்பெனியில் கடைசி மேசை பேக்கிங் மேசை. அங்கே இருந்த பெண்களை இன்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் – மணிகள்

இன்று பார்த்ததை ஒழுங்காக எழுத வேண்டும் என்று மாலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆர்மீனியன் ஸ்திரீட்டில் பெரானக்கான் அரும்பொருளகம். பழுதுபார்த்து 2023இல் மறுபடி திறந்திருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்து உள்ளூரில் மணந்து தங்கியவர்களின் வம்சத்தைப் பெரானக்கான் என்பார்கள். அது சீனர் மட்டும் என்று நினைத்திருந்தேன். மலாக்காவுக்கு வணிகத்துக்கு வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழர்களின் வம்சமும் இதில் உண்டு. மலாக்காச் செட்டிகள் என்று பேர். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மனை, பெண்கள் உடுத்துவது கெபாயா என்ற மேல்சட்டை. கெபாயாவுக்குப் பொத்தான் கிடையாது. கெரோசாங் என்ற மூன்று ஊக்குகளைச் சங்கிலியால் கோத்து முன்பக்கம் மாட்டுவார்கள். பெரியது தாய், சின்னவை இரண்டும் பிள்ளைகள் என்றே சொல்கிறார்கள். ஐந்து நாடுகள் சேர்ந்து கேட்டு 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் கெபாயா இடம்பெற்றது.

மாடியில் ஒரு மேசைவிரிப்பு. பினாங்கில் செய்தது. பத்து லட்சத்துக்கு மேல் கண்ணாடி மணி. பூ, பறவை எல்லாம் மணியாலேயே ஆனவை, இடையில் துணி தெரியும் இடமே இல்லை. மகள் அதன்முன் எவ்வளவு நேரம் நின்றாள் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை.

பிறகு கத்தோங் வட்டாரம். மணி வேலை சொல்லிக்கொடுக்கும் ஒரு அம்மாவின் கடைக்குள் போனோம். மணி வைத்த செருப்பை காசுட் மானெக் என்பார்கள். மானெக் என்றால் மணி. அதன் வேலையை இன்றுதான் பக்கத்தில் பார்த்தேன்.

மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டியிருக்கிறார். தட்டினால் பறைபோலச் சத்தம் வரும் அளவுக்கு இறுக்கம். பக்கத்தில் கட்டம் போட்ட காகிதத்தில் வரைபடம், நம் கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம். மணி கடுகைவிடச் சிறியது. ஐரோப்பாவிலிருந்து வருவது, சார்லட் என்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டை தீட்டியிருக்கும். அந்தப் பட்டையில்தான் வெளிச்சம் பட்டு மின்னுகிறது. ஊசி முடிபோல மெல்லியது. ஒரு மணியைக் கோத்து, துணியில் இறக்கி, மேலே வந்து அடுத்த மணி. ஒரு நேரத்தில் ஒன்றுதான். மொத்தமாகக் கோத்துப் படுக்கவைத்தால் நடக்கும்போது நூல் அறுந்து வரிசையே கொட்டிவிடும் என்றார் அந்த அம்மா.

என் கையில் ஊசியைக் கொடுத்தார். ஏழு மணி வைத்தேன். ஏழுக்குள் கழுத்து வலித்தது. அவர் எட்டிப் பார்த்து, ஐந்தாவது மணி லேசாகச் சாய்ந்திருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். அவர் சொன்னபிறகும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. விரலால் தடவினேன், சாய்ந்துதான் இருந்தது. பிரித்து மறுபடி வைத்தேன். ஒரு ஜோடி முடிக்க மாதக்கணக்கில் ஆகுமாம். கல்யாணத்துக்கு முன் பெண் இதைத் தைத்துக் காட்ட வேண்டும், தையலை வைத்து மாமியார் பெண்ணை எடைபோடுவாளாம். பாவம் அந்தப் பெண்கள் என்று தோன்றியது, கூடவே அவர்களின் கையை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது.

மணி வேலை முடிந்ததும் செருப்பு தைப்பவரிடம் போகும். அங்கேதான் எனக்கு ஆவல். ஷூவில் அப்பரை இழுத்து அடியில் மடித்து ஒட்டுவதை லாஸ்டிங் என்போம். தோல் இழுபடும், மடியும். கண்ணாடி மணி மடியுமா? ஒரு பழைய செருப்பைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். மணி வரிசை சரியாக வளைவின் விளிம்பில் நிற்கிறது. அதற்கு அப்பால் வெறும் துணியை மட்டும் விட்டு, அதைத்தான் உள்ளே மடித்து, மெல்லிய தோலை உள்ளொட்டாகக் கொடுத்து அடியோடு சேர்த்திருக்கிறார்கள். அரை மணி அதிகமாக இருந்திருந்தால் மடிப்பில் நொறுங்கியிருக்கும், அரை மணி குறைந்திருந்தால் துணி வெளியே தெரியும். தைத்த பெண்ணும் செருப்புக்காரரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். அந்த விளிம்பில் இரண்டு பேரும் சரியாகச் சந்தித்திருக்கிறார்கள்.

விலை சில நூறு வெள்ளியில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டுகிறது. அது அதிகம் என்று சொல்ல என் வாய் வராது.

ஆறாம் நாள் – நாக உலை

தங்கையின் மாமியாருக்கு 78 வயது. எங்கும் வர மாட்டேன் என்பவர், மண்பாண்டம் சுடும் இடம் என்றதும் தானாகப் புடவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

தீவின் மேற்கே ஜாலான் பஹாருக்கு உள்ளே, லோரோங் தாவாஸில் தாவ் குவாங் உலை. 1940இல் கட்டியது. சரிவான தரையில் செங்கல்லால் ஆன நீளமான சுரங்கம், கீழே வாய், மேலே வால், அதனால் நாக உலை என்று பேர். வாயில் விறகு மூட்டினால் நெருப்பு தானாக மேல்நோக்கி ஓடும். பக்கவாட்டுத் துளைகள் வழியே நடுநடுவே விறகு போட்டுக்கொண்டே போவார்கள். சூடு 1,200 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் விறகின் சாம்பலே பறந்து பானைமேல் படிந்து உருகிக் கண்ணாடியாகிவிடுகிறது. யாரும் பூசாமல் வந்த மெருகு. நெருப்பு எந்தப் பக்கம் வீசியது என்று ஜாடியைப் பார்த்தே சொல்லலாம், அந்தப் பக்கம் பச்சையும் பழுப்புமாக வழிந்திருக்கிறது.

கொட்டகைக்குள் ஆள் உயரத்துக்குப் பூச்சாடிகள், கிண்ணங்கள், தட்டுகள், இடையில் நடக்க ஒற்றையடிப் பாதை. முன்னால் போன தங்கையின் மாமியார் அம்மா ஒரு மூலையில் நின்றுவிட்டார். கையில் ஒரு சின்ன மண்கோப்பை, பிடி இல்லாதது.

"இதுக்குப் பேரு மங்கு," என்றார். "பால் மங்கு."

அம்மா பிறந்து வளர்ந்தது ஜோகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில். ஏழு வயதில் அவர் அம்மாவோடு விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவர். அங்கே வேலை செய்யும் பெரியவரிடம் மகள் கேட்டுச் சொன்னாள்: இந்த உலையில் ஆரம்பத்தில் செய்ததே ரப்பர் தோட்டங்களுக்கான இந்தக் கோப்பைகளைத்தான்.

அம்மா கோப்பையை எனக்குக் காட்டிச் சொல்லிக்கொண்டே போனார். உள்ளே வழவழப்பாக மெருகு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உறைந்த பால் ஒட்டிக்கொண்டு உரிந்து வராது. வெளியே மெருகு தேவை இல்லை. "ஓரம் சொரசொரப்பா இருந்தா விரல் கிழிச்சிடும். ஒரு நாளைக்கு நானூறு அஞ்சூறு மரம். எங்க அம்மா காலையில முதல் வேலையா புது மங்கோட ஓரத்தைக் கல்லுல தேய்ச்சு எடுத்துத்தான் மாட்டுவாங்க."

நான் கோப்பையை வாங்கி விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினேன். அம்மாவும் அதையே செய்தார். மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

எங்கள் அப்பா பட்டை டேனரியில் இருந்தவர். ஆவாரம்பட்டை ஊறின குழிக்குள் தோலை மாற்றி மாற்றிப் போடும் வேலை, கடைசியில் கடுக்காய்த் தண்ணீர். அவர் கை எப்போதும் பழுப்பாகவே இருக்கும். அப்படிப் பதனிட்ட தோலுக்கு ஈஸ்ட் இந்தியா லெதர் என்று உலகமெங்கும் பேர், இப்போது புவிசார் குறியீடும் உண்டு. அப்பாவின் கை ஒரு கரையில், அம்மாவின் அம்மாவின் கை இன்னொரு கரையில். அம்மாவிடம் அதைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, கார் வரும்வரை விடவில்லை.

பெரியவர் கோப்பைக்குக் காசு வாங்க மறுத்தார். அம்மா பிடிவாதமாகக் கொடுத்தார். பிறகு அதை என் பையில் வைத்தார்.

ஏழாம் நாள் – தேக்கா

இரவு விமானம். காலையில் தேக்கா நிலையம் என்ற சந்தையின் மாடியில் ரவிக்கை வாங்கப் போனோம். அங்கே வரிசையாகத் தையல்காரர்கள். ஒருவர் அக்குள் மூட்டை உள்பக்கம் இரட்டைத் தையல் போட்டு, பின்னால் பிரித்து விட இரண்டு அங்குலத் துணியும் விட்டிருந்தார். "அக்கா, உடம்பு வருஷா வருஷம் மாறும்ல" என்றார். இரண்டு ரவிக்கை தைக்கக் கொடுத்தோம், தங்கை பிறகு அனுப்பிவைப்பாள்.

மகளுக்குப் பை ஒன்று வாங்கித் தர வேண்டும் என்று முதல் நாளே மனதில் இருந்தது. எந்தக் கடை என்று நான் சொல்லவில்லை, அவளையே பார்க்க விட்டேன். ஐந்து கடை ஏறி இறங்கினாள். ஓரத்தில் நார் பார்த்தாள், வாரை மடித்துப் பார்த்தாள், பையைக் குப்புறக் கவிழ்த்து அடித்தையலைப் பார்த்தாள், உள்ளொட்டைத் தூக்கி முகர்ந்தாள். ஆறாவது கடையில் பழுப்பு நிறத்தில் ஒரு சின்னத் தோள்பை. அலங்காரம் ஒன்றுமில்லை. விரலை ஓட்டிவிட்டு என்னிடம் நீட்டினாள். வார் சேரும் இடத்தில் தையலைப் பின்னோக்கி இரண்டு முறை அடித்து நூலை உள்ளே இழுத்து விட்டிருந்தார்கள்.

"இதுதான்," என்றேன். அலமாரிக்குள் பூட்டாதே, தினமும் தூக்கு, மழையில் நனைந்தால் விசிறிக் காற்றில் காயவை, வெயிலில் வைக்காதே, மாதம் ஒரு தடவை துணியில் துளி மெழுகு தொட்டுத் துடை என்று சொல்லிக் கொடுத்தேன். கைபேசியில் எழுதிக்கொண்டாள்.

பெட்டி கட்டும்போது மங்குக் கோப்பையை எங்கே வைப்பது என்று யோசித்தேன். பாய் கடையில் வாங்கிய சாரத்தை விரித்து, நடுவில் கோப்பையை வைத்து, நான்கு புறமும் மடித்து, இடைவெளியில் பழைய காலுறைகளைத் திணித்தேன். மூலையில் வைக்கவில்லை. பெட்டியின் நடுவில், புடவைகளுக்குள் சாய்த்து வைத்தேன்.